மூளை ரத்தக்குழாய் உப்பலுக்கு ஸ்டென்ட் வைத்து காயில் போடுவது: ரிப்போர்ட் வந்த நாள் முதல் ஆறாம் மாத ஆஞ்சியோ வரை

போன வருடம் அக்காவுக்கு விடாத தலைச்சுற்றல். அல்சூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் டாக்டர், எதற்கும் ஒரு எம்ஆர்ஐ எடுத்துவிடலாம் என்றார். தலைச்சுற்றலுக்குக் காரணம் காதில் இருந்தது. பத்து நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது. ஆனால் ஸ்கேனில் வேறொன்று அகப்பட்டது. மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் பேசிலார் ரத்தக்குழாயின் முனையில் 8 மில்லிமீட்டர் அனியூரிசம், அதாவது உப்பல், அதன் கழுத்து அகலம் 5 மில்லிமீட்டர். ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டு மாமா என்னிடம் கேட்டார்: "மச்சான், இது கட்டியா?"

அந்தக் கேள்வியில் ஆரம்பித்து அடுத்த எட்டு மாதம் ஃபைலோடு அலைந்தவன் நான். பெங்களூரில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கும், ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு இங்கே வருகிறவர்களுக்கும் உதவும் என்று எல்லாவற்றையும் வரிசையாக எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் சிகிச்சையில் டாக்டர் கையில் இருக்கும் வேலை சில மணி நேரம். மாத்திரை என்ற இன்னொரு வேலை இருக்கிறது. அது வீட்டார் கையில், மாதக்கணக்கில் இருக்கிறது. கீழே அதைப் பற்றித்தான் நிறைய எழுதியிருக்கிறேன்.

ரிப்போர்ட்டில் என்ன பார்க்க வேண்டும்

இது கட்டி இல்லை, புற்றுநோயும் இல்லை. ரத்தக்குழாயின் சுவர் ஓரிடத்தில் மெலிந்து, பழைய சைக்கிள் டியூப் புடைப்பதுபோல வெளியே உப்பிக்கொள்கிறது. பெரும்பாலும் குழாய்கள் கிளை பிரியும் இடங்களில் வரும், ஏனென்றால் ரத்தம் வந்து மோதும் வேகம் அங்கேதான் அதிகம். வளர்ந்தவர்களில் நூறு பேரில் சுமார் மூன்று பேருக்கு இப்படி ஒன்று இருக்கும் என்று கணக்கு. அவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசிவரை எதுவும் ஆவதில்லை. அக்காவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அன்றைக்கு ராத்திரிதான் அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

ரிப்போர்ட்டில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, கழுத்து எவ்வளவு அகலம். மூளையின் முன்பக்கக் குழாய்களில் 7 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் வெடிக்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்று பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அப்படிப்பட்டவர்களுக்கு வருடாவருடம் ஸ்கேன் எடுத்துக் கவனித்தாலே போதும் என்று டாக்டர் சொல்லலாம். அதைத் தட்டிக்கழிப்பதாக நினைக்க வேண்டாம். பின்பக்கக் குழாய்களில், முக்கியமாகப் பேசிலார் முனையில் இருந்தால் வெடிக்கும் வாய்ப்பு கூடுதல். வயது, ரத்த அழுத்தம், சிகரெட், ஏற்கெனவே ஒரு உப்பல் வெடித்திருக்கிறதா என்பதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். சிகரெட் பிடிப்பவராக இருந்தால், எந்த முடிவுக்கும் காத்திருக்காமல் அன்றைக்கே நிறுத்துங்கள். உப்பல் வளருவதற்கும் வெடிப்பதற்கும் உங்களால் மாற்றக்கூடிய காரணங்களில் முக்கியமானவை இரண்டு: சிகரெட், பிபி.

கழுத்து என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு சொம்பையும் ஒரு கிண்ணத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். சொம்புக்குள் நூலைச் சுருட்டிப் போட்டால் வாய் குறுகல் என்பதால் உள்ளேயே நிற்கும். கிண்ணத்தில் போட்டால் வழிந்து வெளியே வரும். உப்பலின் கழுத்து 4 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, உப்பலின் அகலம் கழுத்தின் அகலத்தைப்போல இரண்டு மடங்குகூட இல்லாமல் இருந்தாலோ அது கிண்ணக் கணக்கு. அகன்ற கழுத்து என்பார்கள். காயில் என்ற மெல்லிய உலோகச் சுருளை மட்டும் போட்டால் அது குழாய்க்குள் நழுவி, ஓடுகிற ரத்தத்தை அடைத்துவிடக்கூடும். அதனால் கிண்ணத்தின் வாயில் சல்லடைபோல ஒரு ஸ்டென்டை விரித்துவிட்டு உள்ளே காயிலை நிரப்புகிறார்கள். இதுதான் ஸ்டென்ட் வைத்து காயில் போடுவது.

வெடித்துவிட்டால் பாதை வேறு

இந்தக் கட்டுரை வெடிக்காத உப்பலைப் பற்றியது. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்: ஒரு நொடியில் இடி விழுந்ததுபோல, வாழ்நாளில் பார்த்திராத தலைவலி, கூடவே வாந்தி, கழுத்து விறைப்பு, மயக்கம் என்று வந்தால் டீ போட்டுக் கொடுத்து, தைலம் தேய்த்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிடுங்கள். ஒரு பக்கக் கண் இமை திடீரென்று இறங்கி, அந்தக் கண்ணின் பாப்பா விரிந்து நின்றாலும் அப்படித்தான், தலைவலி இல்லாவிட்டாலும் சரி. வெடித்த உப்பலில் முடிந்தவரை ஸ்டென்டைத் தவிர்ப்பார்கள். ஸ்டென்டுக்கு ரத்தம் உறையாத மாத்திரை வேண்டும், ஆனால் அங்கே ஏற்கெனவே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது. வெறும் காயில், பலூன் துணையோடு காயில், அல்லது மண்டையைத் திறந்து கிளிப் என்று போவார்கள். நிமோடிபின் என்ற மருந்து 21 நாள் வரை ஓடும்.

இரண்டு டாக்டர்களைப் பாருங்கள்

மண்டையைத் திறந்து உப்பலின் கழுத்தில் கிளிப் போடுபவர் நியூரோ சர்ஜன். குழாய் வழியாகப் போய் காயில் போடுபவர் நியூரோ இன்டர்வென்ஷன் டாக்டர். இரண்டு பேர் கருத்தும் வேண்டும். 1937-இல் வால்டர் டேண்டி முதல் கிளிப்பைப் போட்டதிலிருந்து பல பத்தாண்டுகள் கிளிப்தான் முக்கியமான வழி. 1990-இல் கலிஃபோர்னியாவில் குய்டோ குக்லியெல்மி, வேண்டிய இடத்தில் விட்டுவிட்டுக் கழற்றிக்கொள்ளும் பிளாட்டினம் காயிலை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போட்டார். 2002-இல் 2143 பேரை வைத்து நடந்த ஐசாட் ஆய்வு வெளியானது. வெடித்த உப்பல்களில், ஒரு வருடம் கழித்து இறந்தவர்களும் பிறர் உதவியோடு வாழ்பவர்களும் காயில் போட்டவர்களில் 23.7 சதவீதம், கிளிப் போட்டவர்களில் 30.6 சதவீதம். அதே 2002-இல்தான் மூளைக்கென்றே செய்த ஸ்டென்டுக்கு அமெரிக்காவில் முதல் அனுமதி கிடைத்தது. அகன்ற கழுத்து உள்ளவர்களுக்கும் காயில் போட முடியும் என்ற நிலை அதற்குப் பிறகுதான் பரவலானது.

இதனால் காயில் எப்போதும் மேல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிளிப் போட்ட உப்பல் திரும்ப நிரம்புவது அரிது. காயில் போட்டது சிலருக்குத் திரும்ப நிரம்பும். பக்கவாட்டில் இருக்கும் நடுப் பெருமூளைத் தமனியின் கிளைமுனை உப்பலுக்குக் கிளிப் வசதியானது. அக்காவுக்கு இருந்த பேசிலார் முனை, மூளைத்தண்டுக்கு முன்னால் ஆழத்தில் இருக்கிறது. கத்தியோடு அங்கே போவது கடினம் என்று சர்ஜனே சொன்னார். ஃப்ளோ டைவர்ட்டர் என்ற நெருக்கமான வலை ஸ்டென்டும் இருக்கிறது, அதற்குக் காயில்கூட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கிளை பிரியும் முனைக்கு அது பொருந்தாது என்றார்கள். உங்களுக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள்: கிளிப், வெறும் காயில், ஸ்டென்டோடு காயில், ஃப்ளோ டைவர்ட்டர், சும்மா கவனிப்பது, இந்த ஐந்தில் மற்ற நான்கு எங்களுக்கு ஏன் வேண்டாம்?

பெங்களூரில் இதற்கென்று முதலில் நினைவுக்கு வருவது ஓசூர் ரோட்டில் இருக்கும் நிம்ஹான்ஸ். மூளை, நரம்பு, மனநலத்துக்கென்றே இருக்கும் மத்திய அரசு நிறுவனம். புதிய நோயாளிப் பதிவுக்குக் காலையிலேயே வரிசைக்குப் போய்விடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பிபிஎல் கார்டு, பழைய ஸ்கேன்களின் சிடி எல்லாம் கையில் இருக்கட்டும். பிரிண்ட் எடுத்த ஃபிலிம் மட்டும் போதாது. டாக்டர்கள் சிடியைத்தான் கம்ப்யூட்டரில் போட்டுப் புரட்டிப் பார்ப்பார்கள். கன்னடம் தெரியாவிட்டாலும் தயங்க வேண்டாம். நாங்கள் போன இடங்களிலெல்லாம் தமிழ் பேசும் நர்ஸ் அல்லது அட்டெண்டர் ஒருவராவது இருந்தார். ஆனால் டாக்டர் சொல்வதில் ஒரு சொல் புரியாவிட்டாலும் தலையாட்டிவிட்டு வராதீர்கள். "தமிழில் சொல்ல ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்பதில் ஒரு குறையும் இல்லை.

தனியார் மருத்துவமனை என்றால் எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பில்லில் பெரும்பங்கு ஸ்டென்டுக்கும் காயிலுக்கும்தான் போகும், காயில் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. எத்தனை காயில் வரை எஸ்டிமேட்டில் சேர்ந்திருக்கிறது, அதற்கு மேல் போனால் ஒன்றுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். தமிழ்நாட்டு ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் அந்த மருத்துவமனையில் செல்லுமா என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அட்மிட் ஆன பிறகு கேட்டால் பதில் தாமதமாகத்தான் வரும்.

மாத்திரை: ஒரு வாரம் முன்பே தொடங்கும்

ஸ்டென்ட் உடம்புக்கு அந்நியப் பொருள். ரத்தத்தில் இருக்கும் பிளேட்லெட்டுகள் அதைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டு உறையத் தொடங்கும். மூளைக் குழாயில் உறைந்தால் அதற்குப் பெயர் பக்கவாதம். அதனால் சிகிச்சைக்குச் சுமார் ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு மாத்திரைகள்: ஆஸ்பிரின், கூடவே க்ளோபிடோக்ரெல். ஆஸ்பிரினை மெடிக்கல் ஷாப்பில் ஈகோஸ்பிரின் என்றுதான் கேட்டு வாங்குகிறோம்.

இதில் நம் ஊர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. க்ளோபிடோக்ரெல் விழுங்கியவுடன் வேலை செய்யாது. கல்லீரல் அதை மாற்றிக்கொடுத்தால்தான் பலன். அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி நம் நாட்டில் கணிசமான பேருக்குப் பிறவியிலேயே மந்தமாக இருக்கிறது. மாத்திரை தவறாமல் போட்டும் ரத்தம் பழையபடியே உறையும். இதைக் கண்டுபிடிக்க பிளேட்லெட் ஃபங்ஷன் டெஸ்ட் என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. உங்கள் டாக்டர் அதைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். அக்காவுக்கு ஆறாம் நாள் எடுத்தார்கள். க்ளோபிடோக்ரெல் சரியாக வேலை செய்யவில்லை என்று வந்தது. டிகாக்ரெலார் என்ற வேறு மருந்துக்கு மாற்றினார்கள். அது தினமும் இரண்டு வேளை, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில். அந்த டெஸ்ட் எடுக்காமல் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

கேஸ் மாத்திரையையும் கவனியுங்கள். க்ளோபிடோக்ரெல் எடுப்பவர்கள் ஓமெப்ரசோல், எசோமெப்ரசோல் இரண்டையும் தவிர்க்க வேண்டும். அவை க்ளோபிடோக்ரெலின் பலனைக் குறைக்கும். நெஞ்செரிச்சல் என்று கடையில் கேட்டால் கைக்குக் கிடைத்ததைக் கொடுப்பார்கள். டாக்டர் எழுதியது பேன்டோபிரசோல் என்றால் அதையே வாங்குங்கள். உடம்புவலி மாத்திரைகளும் அப்படித்தான்: டைக்ளோஃபினாக், ஐபுப்ரூஃபன் வகைகளை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

அட்மிஷனுக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியவை: சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்கிறீர்களா, கிட்னிக் கோளாறு உண்டா, முன்பு சிடி ஸ்கேனில் மருந்து ஏற்றியபோது அலர்ஜி வந்ததா, கவரிங் நகை போட்டால் தோல் அரித்துத் தடிக்கிறதா. கடைசிக் கேள்வி விநோதமாகத் தோன்றும். மூளை ஸ்டென்டுகள் பெரும்பாலும் நிட்டினால் என்ற உலோகம், அதாவது நிக்கலும் டைட்டானியமும் கலந்தது. நிக்கல் அலர்ஜி இருந்தால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

கேத் லேப்பில் (சிகிச்சை நடக்கும் எக்ஸ்ரே அறையில்) நடப்பது

முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. ஆனால் ரத்தம் உறையாத மாத்திரைகளைக் காலையில் ஒரு வாய்த் தண்ணீரோடு போடச் சொல்வார்கள். வெறும் வயிறு என்று நினைத்து அதையும் விட்டுவிடாதீர்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

முழு மயக்க மருந்து கொடுப்பார்கள், ஏனென்றால் தலை ஒரு நூல்கூட அசையக் கூடாது. தொடையிடுக்கில் இருக்கும் ரத்தக்குழாயில் ஊசி போட்டு, சில இடங்களில் மணிக்கட்டு வழியாக, ஒரு குழாயை ஏற்றிக் கழுத்துவரை கொண்டுபோகிறார்கள். மருந்தைச் செலுத்தி முப்பரிமாணப் படம் எடுத்து, உப்பல் முழுதும் நன்றாகத் தெரியும் கோணத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஏறுகிறது. பிறகு அந்தக் குழாய்க்குள் இன்னும் மெல்லிய குழாய்கள் போகின்றன. அவற்றின் உட்குழி சுமார் அரை மில்லிமீட்டர்தான் இருக்கும்.

அக்காவுக்குச் செய்த முறையில் காயில் போடும் மெல்லிய குழாயின் நுனியை முதலில் உப்பலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள். இன்னொரு குழாய் வழியாக ஸ்டென்டைக் கொண்டுவந்து கழுத்துக்குக் குறுக்கே விரித்தார்கள். விரிந்த ஸ்டென்ட், காயில் போடும் குழாயை ரத்தக்குழாயின் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொள்ளும். இனி காயில் நழுவாது. சிலருக்கு ஸ்டென்டை முதலில் விரித்துவிட்டு, அதன் கண்ணிகளுக்குள் நுழைந்து காயில் போடுவதும் உண்டு.

சிகிச்சைக்கு முந்தின நாள் டாக்டர் ஒரு மாதிரிக் காயிலை என் உள்ளங்கையில் வைத்தார். தடிமன் சுமார் கால் மில்லிமீட்டர். பார்த்தால் பட்டுப்புடவை ஜரிகையில் ஒரு இழை போலத்தான் இருந்தது. விரலால் தள்ளினால் எதிர்க்காமல் வளைந்து தானாகவே சுருண்டது. அவ்வளவு மென்மையாக இருந்தால்தான் உப்பலின் மெல்லிய சுவர் தாங்கும். முதல் காயில் உப்பலின் அகலத்துக்கு ஏற்ப ஒரு கூண்டுபோல நிற்கும். அடுத்தடுத்தவை அதைவிடச் சின்னவை, கூண்டின் உள்ளே நிரம்பும். ஒவ்வொன்றும் சரியாக உட்கார்ந்ததா என்று படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் தள்ளுகம்பியிலிருந்து கழற்றுவார்கள். சரியில்லை என்றால் அதுவரை திரும்ப இழுத்துக்கொள்ளலாம். அக்காவுக்கு ஏழு காயில் போனது. எவ்வளவு நெருக்கி நிரப்பினாலும் உப்பலின் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்குகூட உலோகம் வருவது கடினம். மீதி இடத்தில் ரத்தம் தேங்கி உறைந்துவிடுகிறது. அந்த உறைவுதான் உப்பலை அடைக்கிறது.

எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது. வெளியே வந்த டாக்டர் கம்ப்யூட்டரில் காட்டினார். எக்ஸ்ரே படத்தில் காயில்கள் கறுப்பு நூல்கண்டு போல உருண்டு நின்றன. ஸ்டென்ட் கண்ணுக்கே தெரியவில்லை. அதன் இரு முனைகளிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் மட்டும் இருந்தன. அவை விலகாமல் நிற்கிறதா என்றுதான் அவர்களும் பார்ப்பார்களாம்.

ஆபத்து இல்லாத சிகிச்சை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம், உப்பல் கிழியலாம், ஊசி போட்ட தொடையில் ரத்தம் கட்டலாம். நேரம் நீண்டால் கதிர்வீச்சினால் தலையில் ஒரு பகுதி முடி உதிர்ந்து, பெரும்பாலும் திரும்ப முளைக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, "இந்த இடத்தில், இந்த அளவு உப்பலுக்கு நீங்கள் செய்தவர்களில் எத்தனை பேருக்குச் சிக்கல் வந்தது?" என்று நேராகக் கேளுங்கள். நாங்கள் கேட்டோம், டாக்டர் கோபப்படவில்லை.

அன்றைய இரவும் டிஸ்சார்ஜும்

தொடை வழியாகச் செய்திருந்தால் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அந்தக் காலை மடக்கக் கூடாது. ஐசியூவில் அக்கா கெஞ்சினாள்: "டேய், முதுகு ஒடியுதுடா. ஒரு நிமிஷம் மடக்கிக்கிறேன்." முழங்காலில் கையை வைத்து உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து தொடையை அமுக்கிப் பார்த்தார், பாதத்தில் நாடி பார்த்தார், கண்ணில் டார்ச் அடித்தார், கையைத் தூக்கச் சொன்னார். முகம் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு கை கால் தளர்வது, பார்வையில் ஒரு பக்கம் மறைவது, இவற்றில் எதைப் பார்த்தாலும் அடுத்த ரவுண்டு வரை காத்திருக்காமல் உடனே கூப்பிடுங்கள். சில நாள் லேசான தலைவலி இருப்பது சகஜம்.

மூன்றாம் நாள் டிஸ்சார்ஜ். ஃபைலைக் கையில் கொடுத்தார்கள். பில் கட்டிய களைப்பில் அப்படியே பையில் போட்டிருப்பேன். எதற்கும் என்று மருந்துப் பக்கத்தைத் திறந்தேன். டிகாக்ரெலார் இல்லை. க்ளோபிடோக்ரெல் என்று அச்சாகியிருந்தது. எல்லாருக்கும் போடும் அச்சுப் படிவத்தை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு வேலை செய்யாது என்று டெஸ்டில் வந்த அதே மருந்து. கவுண்டருக்கு ஓடினேன், இளம் டாக்டர் ஒருவர் வந்து பார்த்து, முகம் வெளுத்து, திருத்திக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாசலைத் தாண்டுவதற்கு முன்பு அந்தப் பக்கத்தை வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்: மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எந்த மாதம் வரை.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். ஸ்டென்டும் காயிலும் வந்த பெட்டியிலிருந்து கிழித்த ஸ்டிக்கர்கள், எண்களோடு. கூடவே இம்ப்ளான்ட் கார்டு. பின்னால் எம்ஆர்ஐ எடுக்கப் போனால் உள்ளே என்ன உலோகம் என்று கேட்பார்கள். பிளாட்டினம் காயிலுக்கும் நிட்டினால் ஸ்டென்டுக்கும் உரிய விதிமுறைப்படி எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனால் கார்டு இல்லாமல் டெக்னீஷியன் உள்ளே விடமாட்டார். அக்காவின் கார்டு பர்ஸில் ஆதாருக்குப் பின்னால் இருக்கிறது. என் போனிலும் படம் இருக்கிறது.

வீட்டில் ஆறு மாதம்

இரண்டாவது மாத்திரை (க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார்) பெரும்பாலும் மூன்றிலிருந்து ஆறு மாதம். ஆஸ்பிரின் அதற்குப் பிறகும் ஒரு வருடமோ அதற்கு மேலோ, சிலருக்கு ஆயுளுக்கும். இடையில் பல் பிடுங்க வேண்டி வரும், கண் புரைக்கு ஆபரேஷன் என்பார்கள், ஈறில் ரத்தம் வருகிறது, தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது என்று பயம் வரும். அக்கம்பக்கத்தில், "இவ்வளவு மாத்திரை எதுக்கு?" என்பார்கள். காயில் போட்ட டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. வேறு எந்த டாக்டர் நிறுத்தச் சொன்னாலும், "அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள்" என்று நம்பரைக் கொடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலோ, மூக்கில் வழியும் ரத்தம் நிற்காவிட்டாலோ நீங்களாக நிறுத்தாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் செய்தது இதுதான். ஏழு நாள் டப்பா வாங்கி ஞாயிறு இரவு மாமா நிரப்புவார். காலை எட்டு, இரவு எட்டு, இரண்டு அலாரம். ஊருக்குப் போனால் பத்து நாள் மாத்திரை கூடுதலாகக் கைப்பையில், சூட்கேஸில் இல்லை. வாணியம்பாடியில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது டிகாக்ரெலார் இரண்டு கடையில் கிடைக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கைப்பைதான் கைகொடுத்தது. டிகாக்ரெலார் எடுப்பவர்களுக்குச் சிலசமயம் மூச்சு வாங்குவதுபோல இருக்கும். அக்காவுக்கும் இருந்தது, டாக்டரிடம் சொன்னோம், பரிசோதித்துவிட்டுத் தொடரச் சொன்னார்.

பிபி பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள். நோட்டில் தேதியோடு எழுதி, அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள். கூடப் பிறந்தவர்கள், பெற்றவர்கள், பிள்ளைகளில் இரண்டு பேருக்காவது இந்த உப்பல் இருந்தால் மற்றவர்களும் ஒரு எம்ஆர் ஆஞ்சியோ (எம்ஆர்ஐ மெஷினில் ரத்தக்குழாய்களை எடுக்கும் படம்) எடுத்துப் பார்ப்பது பற்றிக் கேளுங்கள். கிட்னியில் நீர்க்கட்டிகள் வரும் பரம்பரை நோய் உள்ள குடும்பமும் அப்படியே.

ஆறாம் மாதம் திரும்ப ஆஞ்சியோ, இந்தத் தடவை மணிக்கட்டு வழியாக, மயக்கமில்லாமல். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம். உப்பலுக்குள் ரத்தம் போகவில்லை, கழுத்தில் மட்டும் மிகச் சிறிய மிச்சம் இருக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம், கவனித்தால் போதும் என்றார்கள். டிகாக்ரெலாரை நிறுத்தியாயிற்று. இரவு எட்டு மணி அலாரத்தை அக்கா தானே போனில் எடுத்துவிட்டாள். காலை அலாரம் அப்படியே இருக்கிறது: டிபனுக்குப் பிறகு ஈகோஸ்பிரின் ஒன்று, பதினெட்டாம் மாத எம்ஆர் ஆஞ்சியோ வரைக்கும்.